பென் ஹெக்ட்: டைட்டிலில் பாதி நேரம் காணாமல் போகும் எழுத்தாளர்

கேள்வி இதுதான்: 1930, 40களின் ஹாலிவுட் படங்களைப் பற்றி எதைப் படித்தாலும் பென் ஹெக்ட் என்ற பெயர் குறுக்கே வருகிறது, ஆனால் பல படங்களின் டைட்டிலில் அந்தப் பெயரே இல்லை; இந்த ஆள் அப்படி என்னதான் எழுதினார், ஏன் இவ்வளவு மர்மம்?

மர்மம் ஒன்றும் இல்லை. பெயரோடு வந்தவை சுமார் 70 படங்கள். பெயர் இல்லாமல் கைவைத்தவற்றை யாரும் முழுதாக எண்ணி முடித்ததில்லை. அந்தக் காலத்து ஸ்டூடியோவில் ஒரு ஸ்கிரிப்ட் நாலு பேர் கை மாறுவது சாதாரண விஷயம். வாரச் சம்பளத்துக்கு எழுத்தாளர்களை வைத்திருப்பார்கள், ஒருவர் எழுதியதை அடுத்தவரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்வார்கள், கடைசியில் யார் பெயரைப் போடுவது என்பது தயாரிப்பாளர் இஷ்டம். 1933இல் திரைக்கதை எழுத்தாளர் சங்கம் தொடங்கி, வருடக்கணக்கில் மல்லுக்கட்டி, 1940களின் தொடக்கத்தில்தான் அந்த அதிகாரம் சங்கத்தின் கைக்கு வந்தது. இந்த ஏற்பாட்டில் மற்ற எழுத்தாளர்கள் புழுங்கினார்கள், குடித்தார்கள், சண்டை போட்டார்கள். ஹெக்ட் அவ்வளவாகக் கவலைப்படவில்லை, ஏனென்றால் அவர் வந்த இடம் அப்படி. என்னைக் கேட்டால் அவரைச் சினிமாக்காரராகப் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது. கடைசிவரை அவர் ஒரு தினசரிப் பத்திரிகை ரிப்போர்ட்டர்: ராத்திரிக்குள் எழுதிக் கொடு, பேர் வராது, காசு வரும், நாளைக்கு வேற செய்தி.

நியூயார்க்கில் ரஷ்ய யூதக் குடியேறிகளின் மகனாகப் பிறந்து, விஸ்கான்சின் மாநிலத்து ரசீனில் வளர்ந்து, 1910இல் இன்னும் மீசை சரியாக முளைக்காத வயதில் சிகாகோவுக்கு வந்து 'டெய்லி ஜர்னல்' பத்திரிகையில் சேர்ந்தார். முதல் வேலை எழுதுவதே அல்ல, போட்டோ கொண்டுவருவது. கொலை, தற்கொலை, விபத்து என்று எது நடந்தாலும் இறந்தவர் வீட்டுக்குப் போய் அவருடைய படத்தை எப்படியாவது வாங்கி வர வேண்டும். துக்க வீட்டில் கேட்டால் கொடுப்பார்களா? அதனால் சுவரில் இருப்பதையோ மேசையில் இருப்பதையோ சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு வந்துவிடுவது. அப்புறம் ரிப்போர்ட்டர் ஆனதும், ஒரு போட்டோகிராஃபரோடு சேர்ந்து ஏரிக்கரைப் பூங்காவில் நீளமாக ஒரு பள்ளம் தோண்டிப் படமெடுத்து, சிகாகோவில் பூகம்பம் என்று செய்தி போட்டாராம். இதெல்லாம் 1954இல் வந்த அவருடைய சுயசரிதை 'எ சைல்ட் ஆஃப் த செஞ்சுரி'யில் அவரே சொல்வது. அந்தப் புத்தகத்தை ஒரு சிட்டிகை சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். பொய்யைச் சுவையாகச் சொல்வதற்கே சம்பளம் வாங்கியவர். நான் கீழே சொல்லப்போகிற, சிகாகோவின் பிரபல தாதா அல் கேப்போனுடைய ஆட்கள் கதையும் வாழைப்பழக் கதையும் அவர் வாய்மொழிதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு 'சிகாகோ டெய்லி நியூஸ்', முதல் உலகப் போர் முடிந்த கையோடு பெர்லினில் நிருபர் வேலை, திரும்பி வந்து 1921இல் தினமும் ஒரு ஊர்க் கதை எழுதும் பத்தி, அதே வருடம் முதல் நாவல் என்று போனது. இந்த வருடங்களில் அவர் பார்த்த ஒரு வழக்கை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் வந்த படங்களின் வாசனை முழுக்க இதில் இருக்கிறது. கார்ல் வாண்டரர் என்ற முன்னாள் ராணுவ வீரன், 1920இல், கர்ப்பிணி மனைவியோடு வீட்டு வாசலுக்கு வந்தபோது ஒரு வழிப்பறிக்காரன் சுட்டதில் மனைவி இறந்துவிட்டதாகவும், தான் அவனைத் திருப்பிச் சுட்டதாகவும் சொன்னான். ஊரே அவனை வீரனாக்கியது. உண்மையில் அந்தப் பரதேசியை வாடகைக்குப் பிடித்து வந்து இருவரையும் கொன்றவன் அவனேதான். வழக்கை மோப்பம் பிடித்த நிருபர்களில் ஹெக்டும், அவருடைய சகாவான சார்ல்ஸ் மெக்ஆர்தரும் உண்டு. வாண்டரர் தூக்குமேடையில் நின்றுகொண்டு பாட்டுப் பாடிவிட்டுச் செத்தான். நிருபர்கள் கீழே நின்று குறிப்பெடுத்தார்கள். கொலைகாரன் நல்ல பாடகனா இல்லையா என்று யோசிக்கிற மனநிலை, சாவுக்கும் கிண்டலுக்கும் நடுவே இடைவெளியே இல்லாத அந்தப் பேச்சு, அதைத்தான் இந்த இருவரும் பிற்பாடு மேடைக்கும் திரைக்கும் கொண்டுபோனார்கள்.

ஹாலிவுட்டுக்கு அவரை இழுத்தவர் ஹெர்மன் மேன்கீவிச். டேவிட் ஃபின்ச்சரின் 'மேங்க்' பார்த்தவர்களுக்கு ஆளைத் தெரியும், 'சிட்டிசன் கேன்' திரைக்கதையில் பாதி ஆஸ்கர் வாங்கியவர். 1920களின் நடுவில், நியூயார்க்கில் கையில் காசில்லாமல் இருந்த ஹெக்டுக்கு அவர் அனுப்பிய தந்தி பிரசித்தம்: பாரமவுண்டில் வாரம் 300 டாலர் தருகிறார்கள், அது சுண்டைக்காய், இங்கே லட்சக்கணக்கில் அள்ளலாம், போட்டிக்கு இருப்பவர்கள் எல்லாம் மடையர்கள், இதை வெளியே சொல்லிவிடாதே. வந்திறங்கியவருக்கு மேன்கீவிச் நடத்திய பாடமும் நன்றாக இருக்கும். நாவலில் நாயகன் பத்துப் பெண்களோடு சுற்றிவிட்டுக் கடைசியில் ஒருத்தியைக் கட்டிக்கொள்ளலாம், சினிமாவில் கூடாது, நாயகனும் நாயகியும் கற்போடு இருக்க வேண்டும். வில்லன் மட்டும் என்ன வேண்டுமானாலும் செய்யலாம், திருடலாம், ஏமாற்றலாம், வேலைக்காரர்களைச் சாட்டையால் அடிக்கலாம், கடைசியில் அவனைச் சுட்டுவிட்டால் போதும்.

ஹெக்ட் இதைக் கேட்டு எடுத்த முடிவு: அப்படியானால் நாயகனே வேண்டாம், படம் முழுக்க வில்லன்களை வைத்து எழுதுவோம். அப்படி வந்ததுதான் 'அண்டர்வேர்ல்டு', 1927, மௌனப் படம். சிகாகோ தெருவில் அவர் நேரில் பார்த்த ரவுடிகளை வைத்து 18 பக்கத்தில் ஒரு கதை. அமெரிக்காவில் கேங்ஸ்டர் படம் என்ற வகை இங்கிருந்துதான் சூடு பிடித்தது. இயக்கிய ஜோசப் வான் ஸ்டெர்ன்பெர்க், வங்கியைக் கொள்ளையடித்துவிட்டு வரும் ரவுடி ஒரு குருட்டுப் பிச்சைக்காரனுக்குக் காசு போடுவது மாதிரியான மனதை உருக்கும் சமாசாரங்களைச் சேர்த்துவிட்டார் என்று ஹெக்டுக்குக் கோபம், என் பெயரை எடுத்துவிடு என்று தந்தி அடித்தார். எடுக்கவில்லை. 1929 மே மாதம் நடந்த முதல் ஆஸ்கர் விழாவில் சிறந்த மூலக்கதைக்கான பரிசு அதற்கே கிடைத்தது. பெயர் வேண்டாம் என்று சொன்ன படத்துக்கு விருது, பெயர் வேண்டிய பல படங்களுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. இந்த விளையாட்டு அவர் வாழ்க்கை முழுக்க நடந்தது.

1928 ஆகஸ்டில் மெக்ஆர்தரோடு சேர்ந்து எழுதிய 'த ஃப்ரண்ட் பேஜ்' நாடகம் பிராட்வேயில் அரங்கேறியது. களம் ஒரே ஒரு அறை: சிகாகோ குற்றவியல் நீதிமன்றக் கட்டிடத்தின் நிருபர் அறை, மறுநாள் விடிந்தால் ஒருவனுக்குத் தூக்கு, நிருபர்கள் சீட்டாடிக்கொண்டு இருக்கிறார்கள். ஹில்டி ஜான்சன் என்ற நிருபன் வேலையை விட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டு போகப் பார்க்கிறான், அவனுடைய எடிட்டர் வால்டர் பர்ன்ஸ் விடமாட்டேன் என்கிறான், நடுவில் தூக்குக் கைதி தப்பித்து வந்து அதே அறையில் மூடிபோட்ட மேசைக்குள் ஒளிகிறான். கடைசியில் பர்ன்ஸ் மனமிரங்கின மாதிரி நடித்து, தன்னுடைய கடிகாரத்தைக் கல்யாணப் பரிசாகக் கொடுத்து வழியனுப்பி வைக்கிறான், ஹில்டி அந்தப் பக்கம் போனதும் ரயில் நிற்கப்போகும் ஊரின் போலீஸுக்குச் சொல்லி அனுப்புகிறான்: அந்தப் பயல் என் கடிகாரத்தைத் திருடிவிட்டான், பிடித்து வை. 'பயல்' என்று நான் மரியாதையாக எழுதுகிறேன், மூலத்தில் இருப்பது அசல் கெட்ட வார்த்தை. 1931இல் படமாக வந்தபோது அந்த வார்த்தையை விட மனசும் இல்லை, வைக்க அனுமதியும் இல்லை, சரியாக அந்த இடத்தில் பர்ன்ஸின் கை டைப்ரைட்டரில் பட்டுச் சத்தம் வார்த்தையை முழுங்கிவிடுகிற மாதிரி எடுத்துவிட்டார்கள்.

இதே நாடகம் 1940இல் இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ் கையில் 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' ஆனது. ஹில்டி பெண்ணாகி, எடிட்டருக்கு முன்னாள் மனைவியும் ஆகிவிட்டாள். திரைக்கதையில் சார்ல்ஸ் லெடரர் பெயர், இவரும் ஹெக்டின் கூட்டாளி. ஒருவர் வாயை ஒருவர் மூடி, இரண்டு போன் பேச்சு ஒரே நேரத்தில் ஓடும் அந்த வேகத்தை ஹாக்ஸின் கண்டுபிடிப்பாக நிறையப் பேர் எழுதுகிறார்கள். பெரும்பகுதி நாடகத்திலேயே இருக்கிறது, நிருபர் அறையில் ஆளுக்கொரு போனைப் பிடித்துக்கொண்டு ஒரே சம்பவத்தை ஆளுக்கொரு விதமாகத் தங்கள் அலுவலகத்துக்குச் சொல்லும் காட்சி ஒன்று போதும். பிற்பாடு 1974இல் பில்லி வைல்டரும் ஒருமுறை எடுத்தார்.

'ஸ்கார்ஃபேஸ்' (1932) சம்பந்தமாக இரண்டு விஷயம். தயாரிப்பாளர் ஹோவர்ட் ஹ்யூஸ் மீது ஹெக்டுக்கு நம்பிக்கை இல்லை, அதனால் நாளொன்றுக்கு 1000 டாலர், தினமும் மாலை 6 மணிக்கு ரொக்கமாகக் கையில் தர வேண்டும் என்று ஒப்பந்தம். அப்போதுதான் மோசம் போனாலும் ஒரு நாள் உழைப்போடு போகும். இரண்டு வாரத்துக்குள் எழுதி முடித்துவிட்டார். தினக்கூலிக்கு இழுத்திருந்தால் இன்னும் சம்பாதித்திருக்கலாம், கை வேகம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. இரண்டாவது, ராத்திரி அவர் தங்கியிருந்த ஓட்டல் அறைக்கு அல் கேப்போனின் ஆட்கள் இருவர் ஸ்கிரிப்ட் பிரதியோடு வந்து, இது அல் பற்றியதா என்று கேட்டது. இல்லவே இல்லை, நான் சிகாகோவில் இருந்தபோது தெரிந்த வேறு சிலரைப் பற்றியது என்றார். அப்படியானால் அல்லின் பட்டப்பெயரான 'ஸ்கார்ஃபேஸ்', தழும்பு முகம், என்று ஏன் பேர் வைத்தாய் என்றார்கள். அல் இந்தக் காலத்தின் பிரபலம், பெயரைப் பார்த்து அவர் கதை என்று நினைத்துக் கூட்டம் வரும், இதுதான் சினிமா வியாபாரத்தின் தில்லுமுல்லு என்று விளக்கினாராம். தில்லுமுல்லு என்றதும் ஆட்களுக்குப் புரிந்துவிட்டது, போய்விட்டார்கள். நடந்ததோ இல்லையோ, வசனம் நன்றாக இருக்கிறது. படத்தின் உள்ளே இருப்பது அதைவிடச் சுவாரசியம்: கேப்போன் குடும்பத்தை, பழைய இத்தாலியில் அதிகாரத்துக்கும் கொலைக்கும் அண்ணன் தங்கை உறவு பற்றிய வதந்திக்கும் பேர்போன போர்ஜியா குடும்பம் மாதிரி வைத்துப் பார்ப்போம் என்ற யோசனை, அதனால்தான் நாயகனுக்குத் தங்கை மேல் இருக்கும் பாசம் அவ்வளவு விகாரமாகத் தெரிகிறது. தணிக்கைக்காரர்கள் துப்பாக்கிச் சூட்டைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

1939 ஒரு வருடத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். 'வதரிங் ஹைட்ஸ்' திரைக்கதை மெக்ஆர்தரோடு, ஆஸ்கர் பரிந்துரை வந்தது. அதே இருவரின் கதையில் 'கங்கா தின்', பிரிட்டிஷ் இந்தியாவில் மூன்று வெள்ளைக்கார சார்ஜெண்டுகளின் சாகசம். அதில் ஒருவன் பட்டாளத்தை விட்டுக் கல்யாணம் செய்துகொண்டு போகப் பார்க்கிறான், மற்ற இருவரும் அவனை விடாமல் இழுத்துப் பிடிக்கிறார்கள். ஆமாம், 'ஃப்ரண்ட் பேஜ்' கதையேதான், சிகாகோவுக்குப் பதில் வடமேற்கு எல்லை, எடிட்டருக்குப் பதில் சக சிப்பாய்கள். ஒரு செய்தியையே தேதி மாற்றித் திருப்பி விற்கத் தெரிந்த ஆள். இந்தியர்களைக் கேவலமாகக் காட்டுகிறது என்று இங்கே அந்தப் படத்துக்கு எதிர்ப்பு கிளம்பியது நியாயம்தான். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குக் கொடி பிடித்த அதே மனிதர் எட்டு வருடம் கழித்து என்ன எழுதினார் என்பதைக் கீழே பார்ப்போம்.

அந்த வருடம் பிப்ரவரியில்தான் 'கான் வித் த விண்ட்' நின்றுபோனது. தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் இயக்குநர் ஜார்ஜ் க்யூக்கரை நீக்கிவிட்டு விக்டர் ஃப்ளெமிங்கைக் கொண்டுவந்தார், ஃப்ளெமிங் ஸ்கிரிப்டைப் பார்த்துவிட்டு இதை வைத்துப் படமெடுக்க முடியாது என்றார். படப்பிடிப்பு நின்ற ஒவ்வொரு நாளும் செலவு ஏறிக்கொண்டிருக்கிறது. ஹெக்டைப் பிடித்தார்கள். அவர் நாவலைப் படிக்கவே இல்லை, ஆயிரம் பக்கத்துக்கு மேல், இனிமேல் படிக்கவும் நேரம் இல்லை. செல்ஸ்னிக் ஒரு மணி நேரம் கதையைச் சொன்னார். ஹெக்டுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இதற்கு முன்னால் எழுதிய யாராவது ஒழுங்காக ஒன்று எழுதியிருப்பார்களே என்று கேட்டபோதுதான், மூன்று வருடத்துக்கு முன் சிட்னி ஹோவர்ட் எழுதிய முதல் பிரதி இருப்பது ஞாபகம் வந்து தேடி எடுத்தார்கள். அதைப் படித்துவிட்டு, இதுதான் சரி, இதை வெட்டிச் சுருக்கினால் போதும் என்றார். ஒரு எடிட்டரின் பதில் இது, எழுத்தாளரின் பதில் அல்ல. வேறு யாராக இருந்தாலும் தன் பங்குக்குப் புதிதாக ஒன்று எழுதத் தொடங்கியிருப்பார்கள்.

பிறகு ஒரு வாரம், நாளுக்கு 18, 20 மணி நேரம். செல்ஸ்னிக்கும் ஃப்ளெமிங்கும் ஒவ்வொரு காட்சியையும் நடித்துக் காட்ட, செல்ஸ்னிக் நாயகி ஸ்கார்லெட்டாகவும் ஃப்ளெமிங் நாயகன் ரெட் பட்லராகவும் பேச, இவர் சோபாவில் சாய்ந்து கேட்டுவிட்டு டைப் அடிப்பார். வயிறு நிறையச் சாப்பிட்டால் மூளை மந்தமாகிவிடும் என்பது செல்ஸ்னிக்கின் சித்தாந்தம், அதனால் வாழைப்பழமும் உப்புக்கடலையும்தான் சாப்பாடு. நாலாவது நாள் ஃப்ளெமிங்குக்குக் கண்ணில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது, அடுத்த நாள் செல்ஸ்னிக் வாழைப்பழத்தை மென்றுகொண்டே மயங்கிச் சரிந்தார் என்று எழுதுகிறார். டைட்டிலில் சிட்னி ஹோவர்ட் பெயர் மட்டும்தான். ஹோவர்ட் அந்த ஆகஸ்டிலேயே தன் பண்ணையில் டிராக்டர் விபத்தில் இறந்துபோனார், ஆஸ்கர் இறந்தவருக்குக் கிடைத்தது. ஹெக்ட் பங்கு கேட்டதாகத் தெரியவில்லை, அடிப்படை வேலை ஹோவர்டுடையது என்பது அவருக்கே தெரியும்.

எல்லாம் இப்படி அவசரத் தையல் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். ஹிட்ச்காக்கோடு சேர்ந்தபோது உட்கார்ந்து எழுதியிருக்கிறார். முதலில் 1940இல் 'ஃபாரின் கரஸ்பாண்டென்ட்' படத்தின் கடைசிக் காட்சி மட்டும், பெயர் இல்லாமல்: லண்டன் மீது குண்டு விழுந்துகொண்டிருக்க, விளக்கெல்லாம் அணைந்தபின் ஒரு அமெரிக்க நிருபன் ரேடியோ மைக்கின் முன் நின்று, உங்கள் ஊர் விளக்குகளையாவது எரியவிடுங்கள் என்று தன் நாட்டிடம் பேசுகிறான். நிருபர் எழுதின நிருபர். அப்புறம் 'ஸ்பெல்பவுண்ட்' (1945), அதன்பின் 'நட்டோரியஸ்' (1946). என் பார்வையில் அவர் கை பட்டதிலேயே உயரமானது இதுதான். ஒயின் பாட்டிலுக்குள் யுரேனியம், நாஜிகள், உளவு எல்லாம் இருந்தாலும் படம் ஓடுவது ஒரே விஷயத்தில்: கேரி கிராண்ட் ஒரு வார்த்தை 'போகாதே' என்று சொல்லியிருந்தால் இன்க்ரிட் பெர்க்மன் அந்த நாஜியைக் கட்டியிருக்கமாட்டாள், அவன் சொல்லவில்லை. வாய் ஓயாமல் பேசும் பாத்திரங்களை எழுதியே பேர் வாங்கியவர், ஒருவன் பேசாமல் இருப்பதை வைத்துப் படம் முழுதும் கட்டியிருக்கிறார். இதிலும் ஒரு வேடிக்கை, சில காதல் காட்சிகளில் நாடகாசிரியர் கிளிஃபர்ட் ஓடெட்ஸின் கை பட்டிருக்கிறது, அவர் பெயர் டைட்டிலில் இல்லை. ஹெக்ட் மற்றவர்களுக்குச் செய்ததை அவருக்கும் ஒருவர் செய்துவிட்டுப் போனார்.

சொந்தமாக எடுத்த படங்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 1934 முதல் மெக்ஆர்தரோடு நியூயார்க் அஸ்டோரியா ஸ்டூடியோவில் நான்கு படங்கள், எழுத்தும் அவர்களே, இயக்கமும் அவர்களே. அதில் 'த ஸ்கவுண்ட்ரல்' (1935) இரண்டாவது ஆஸ்கரைக் கொடுத்தது. பின்னால் தனியாகவும் சில எடுத்தார். வசனம் பளபளக்கும், ஆட்கள் நின்ற இடத்தில் நின்றுகொண்டு பேசிக்கொண்டே இருப்பார்கள். குறுக்கே புகுந்து வெட்ட ஒரு ஹாக்ஸோ ஹிட்ச்காக்கோ இல்லாததன் குறை நன்றாகத் தெரியும். சினிமாவைத் திட்டிக்கொண்டே காசு வாங்கினவர், தான் எழுதிய 60 படங்களில் பாதிக்கு மேல் இரண்டு வாரத்துக்குள் முடித்தவை, ஒவ்வொன்றுக்கும் 50,000 முதல் 1,25,000 டாலர் வரை வாங்கினேன் என்று சுயசரிதையில் அலட்சியமாக எழுதியவர். உயிரைக் கொடுத்து எழுதிய நாவல்களை இன்று தேடிப் படிப்பவர்கள் குறைவு.

இப்போது பிரிட்டிஷ் விவகாரம். இரண்டாம் உலகப் போரின்போது ஐரோப்பிய யூதர்கள் கொல்லப்படுவதை அமெரிக்கா கண்டுகொள்ளவில்லை என்ற கோபத்தில் ஹெக்ட் முழு மூச்சாக இறங்கினார். 1943இல் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் 'வி வில் நெவர் டை' என்று மாபெரும் நிகழ்ச்சி, 1946இல் 'எ ஃப்ளாக் இஸ் பார்ன்' நாடகம், அதில் இளம் மார்லன் பிராண்டோ நடித்தார். வசூலான பணம் பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷாரோடு ஆயுதச் சண்டை போட்ட இர்குன் இயக்கத்தின் ஆதரவாளர்களுக்குப் போனது, அகதிகளை ஏற்றிப்போக வாங்கிய ஒரு கப்பலுக்கு 'பென் ஹெக்ட்' என்றே பெயர் வைத்தார்கள். 1947இல் பாலஸ்தீனத்தில் சண்டை போட்டவர்களைப் பார்த்துப் பத்திரிகைகளில் ஒரு முழுப்பக்க விளம்பரம் எழுதினார்: நீங்கள் ஒவ்வொரு முறை பிரிட்டிஷ் ஆயுதக் கிடங்கைத் தகர்க்கும்போதும் அமெரிக்க யூதர்கள் மனதுக்குள் சின்னதாக விழா கொண்டாடுகிறார்கள் என்ற அர்த்தத்தில். 'கங்கா தின்' எழுதிய கைதான். அந்தக் குண்டுகளில் செத்தவர்களில் எல்லா இனத்தாரும் உண்டு, அந்த வாக்கியத்தை நான் ரசிக்கவில்லை.

விளைவு கையோடு வந்தது. 1948இல் பிரிட்டனின் தியேட்டர் உரிமையாளர் சங்கம் ஹெக்ட் சம்பந்தப்பட்ட படங்களைத் திரையிடமாட்டோம் என்று தீர்மானம் போட்டது. ஹாலிவுட்டுக்கு வெளிநாட்டுச் சந்தையில் பிரிட்டன் பெரியது, அதனால் அவரைத் தொடவே பயந்தார்கள், வேலை கொடுத்தவர்களும் பாதிச் சம்பளம், பெயர் வராது என்ற நிபந்தனையோடு கொடுத்தார்கள். 'வேர்ல்பூல்' (1949) படத்தின் பிரிட்டிஷ் பிரதியில் லெஸ்டர் பார்ஸ்டோ என்று ஒரு பெயர், 'வேர் த சைட்வாக் எண்ட்ஸ்' (1950) படத்தில் ரெக்ஸ் கானர் என்று இன்னொரு பெயர், இரண்டும் இவர்தான். ஆக, அவர் பெயர் இல்லாத படங்களில் மூன்று வகை உண்டு: கேட்டுக் கொடுத்த அவசர உதவி, அவரே வேண்டாம் என்றது, தடையால் மறைத்தது. பட்டியலைப் பார்க்கும்போது இதைப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் குறையும்.

ஐம்பதுகளில் கை கொஞ்சம் தளர்ந்தது. மர்லின் மன்றோ சொல்லச் சொல்ல அவருடைய சுயசரிதையை எழுதினார், அது 1974இல்தான் புத்தகமாக வந்தது, வழக்கம்போல அட்டையில் மன்றோ பெயர். கடைசியாக மேசையில் இருந்தது ஜேம்ஸ் பாண்ட் கதையான 'கசீனோ ராயல்'. 1964 ஏப்ரல் 18இல் நியூயார்க்கில் இறந்தபோதும் அதன் வேலை ஓடிக்கொண்டிருந்தது, 1967இல் வந்த படத்தில் ஏகப்பட்ட பேர் கை வைத்துவிட்டதால் அவர் எழுதியது பெரும்பாலும் மிஞ்சவில்லை.

எங்கிருந்து தொடங்கலாம் என்றால், 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே'யில் தொடங்குங்கள். அமெரிக்காவில் அதன் காப்புரிமை புதுப்பிக்கப்படாமல் போனதால் இணையத்தில் சட்டப்படி இலவசமாகவே கிடைக்கிறது, சப்டைட்டில் இல்லாமல் பார்க்க வேண்டாம், அந்த வேகத்துக்கு இங்கிலீஷ்காரர்களே திணறுவார்கள். அப்புறம் 1932 'ஸ்கார்ஃபேஸ்', அல் பசீனோ நடித்தது இல்லை, அது 1983இல் இதைத் திருப்பி எடுத்தது. மூன்றாவதாக 'நட்டோரியஸ்'. இந்த மூன்றும் பிடித்துப்போனால் சுயசரிதையை எடுங்கள், தடிமனான புத்தகம், சிகாகோ பகுதியை மட்டும் முதலில் படித்தாலும் நஷ்டமில்லை.